குண்டு எழுத்தும் கொஞ்சம் மூச்சுவிடட்டும்

மலைமேல் இருக்கும் நாகலூர்ப் பக்கம் பேக்கரிக்கும் குண்டு எழுத்து, ஹோம்ஸ்டேவுக்கும் குண்டு எழுத்து, காதுகுத்து ஃபிளெக்ஸுக்கும் அதே குண்டு எழுத்து. போதாக்குறைக்குக் கண்ணீர் அஞ்சலிக்கும் அதுவே. செத்தவர் படத்துக்குக் கீழே உருண்டு திரண்ட எழுத்து சிரித்துக்கொண்டு நிற்கிறது. கேட்பதற்கு ஆளே இல்லையா?

எழுத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. 'பாலூ தம்பி' எழுத்துருவையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையின் ஏக் டைப் குழு 2016-ல் வெளியிட்ட பாலூ குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை அது. மலையாளத்தில் அதற்குப் பெயர் சேட்டன், தெலுங்கில் தம்முடு. ஜங்கிள் புக் கரடியின் பெயருக்கேற்ப முனையெல்லாம் மழுங்கி, கொழுகொழுவென்று இருக்கும். திறந்த உரிமம் என்பதால் காசும் கிடையாது. குழந்தைப் புத்தக அட்டை, ஐஸ்கிரீம் வண்டி, எட்ட இருந்து தெரியவேண்டிய கடைப் பெயர், இவற்றுக்கெல்லாம் அருமையாகப் பொருந்தும். பெரிதாக, நாலைந்து சொல்லுக்கு. அதற்கென்று பிறந்த எழுத்து அது.

அதைக் கொண்டுபோய்க் காபித்தூள் பாக்கெட்டின் பின்பக்கம் பொடிப்பொடியாக அச்சடித்தால்? காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட வேண்டுமென்பது சட்டம். போட்டிருக்கிறார்கள், படிக்கத்தான் முடியவில்லை. தமிழ் எழுத்துக்குச் சுழிதான் அடையாளம். கோடு தடிக்கத் தடிக்க, சுழிக்குள் இருக்கும் வெள்ளை செத்துப்போகிறது. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே கட்டியாகின்றன. புள்ளி போய் எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. 'மணம் நிறைந்த காபி' என்பதை 'மனம் நிறைந்த' என்று வாசித்துவிட்டு, நல்ல மனசுதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டியது.

இதில் மலைப் பனி வேறு. காலையில் மூட்டம் இறங்கினால், 'சாலைப் பணி நடக்கிறது' என்ற பலகையில் நடப்பது பணியா பனியா என்று பைக்கை நிறுத்தி, கிட்டப்போய்ச் சுழி எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருக்கிற பருமன் போதாதென்று, ஃபிளெக்ஸ் கடையில் 'போல்ட்' பொத்தானை வேறு அழுத்துகிறார்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை பார்டர், அதற்கு வெளியே சிவப்பு பார்டர், அதற்கும் ஒரு நிழல். எழுத்தை உருவாக்கியவர் சுழிக்குள் பார்த்துப் பார்த்து விட்ட இத்தனூண்டு இடமும் அதோடு காலி. பிறகு வந்த 'பாலூ 2'-வில் ஓரளவு மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஐந்து பருமன்கள் உண்டு. விலாசத்துக்கும் போன் நம்பருக்கும் மெலிந்ததைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கேட்டேவிட்டேன். கடைக்காரத் தம்பி பொறுமையாகப் போட்டும் காட்டினார். பளிச்சென்று இருந்தது, ஒவ்வொரு சுழியும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற, ஃபிளெக்ஸுக்குக் காசு கொடுக்கிற அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, எழுத்து சீக்காளியாட்டம் இருக்குது? கொடுத்த காசுக்குக் கொஞ்சம் தெம்பா போடு."