போலீஸ் ஜீப்பும் ஒரு டெய்லரின் வலது காலும்

“போலீஸ் வண்டிங்க. அதோட மோதி நம்மால ஆகுமுங்களா? குடுக்கறத வாங்கிக்கச் சொல்லுங்க.”

இதைச் சொன்னவர் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். நல்ல மனிதர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது தவறு. திருப்பூரில் பாதிப் பேர் இதையே நம்புகிறார்கள் என்பதால்தான் இந்தப் பதிவு.

நடந்தது இது. எங்கள் காம்பவுண்டில் கடைசி வீட்டில் ஒரு டெய்லர் இருக்கிறார். மதுரைப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைப்பவர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு மொபெட்டில் வரும்போது, குறுக்குத் தெருவிலிருந்து வந்த போலீஸ் ஜீப் இடித்துவிட்டது. சைரனும் இல்லை, சுழல் விளக்கும் இல்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. மிஷின் பெடலை மிதிக்கும் கால் அது.

ஜீப்பில் இருந்தவர்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். மறுநாள் ஒருவர் கொஞ்சம் பணமும் ஒரு வெள்ளைத் தாளும் கொண்டு வந்தார். ‘நானே தடுமாறி விழுந்தேன், யார் மீதும் புகார் இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். டெய்லரின் மனைவி தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். “ஐயா, நீங்க கவர்மெண்ட்டுல இருந்தவரு. போடலாமா, கூடாதா?”

கூடாது என்றேன். அன்றைக்கு எனக்கு வேண்டாதவர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146 எல்லா வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது. நீங்களும் நானும் இன்சூரன்ஸ் இல்லாமல் போனால் மடக்குவார்கள். ஆனால் அதே பிரிவு, வணிகத்துக்குப் பயன்படாத அரசு வண்டிகளுக்கு விலக்குத் தருகிறது. மடக்குகிற ஜீப்புக்கே இன்சூரன்ஸ் தேவையில்லை! அரசு பஸ் போன்றவற்றுக்கு விலக்குக் கொடுப்பதானால், நஷ்டஈடு கொடுக்க ஒரு நிதி வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனையாவது உண்டு. ஜீப்புக்கு அந்த நிபந்தனையும் இல்லை.

இன்சூரன்ஸ் இல்லை என்றால் நஷ்டஈடு இல்லை என்று அர்த்தம் அல்ல. வண்டியின் சொந்தக்காரரான அரசுதான் கொடுக்க வேண்டும். பிரிவு 166-ன் கீழ் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். அவசர வேலையாகப் போன வண்டி என்று சொன்னாலும், சைரன் ஒலித்திருந்தாலுமே, கவனமாக ஓட்டும் கடமை டிரைவரை விட்டுப் போவதில்லை.

“அரசாங்கத்தின் மேல் கேஸ் போட முடியுமா?” என்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு. 1952 பிப்ரவரியில், ராஜஸ்தான் உதய்ப்பூரில் கலெக்டரின் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓட்டி வந்த டிரைவர், நடைபாதையில் போன ஒருவர் மேல் ஏற்றிவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். குடும்பம் வழக்குப் போட்டது. ‘இது அரசாங்கம், பொறுப்பாகாது’ என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். 1962-ல் வித்யாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டிரைவர் செய்த தவறுக்கு எந்த முதலாளியும் எப்படிப் பொறுப்போ, அப்படியே அரசும் பொறுப்பு என்றது. 15,000 ரூபாய் நஷ்டஈடு நிலைத்தது.

இதற்குச் சில வருஷம் கழித்து, கஸ்தூரி லால் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. மீரட் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை ஒரு ஏட்டு எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மைக்குட்பட்ட வேலை, அதனால் அரசு பொறுப்பல்ல என்று தீர்ப்பு. 1994-ல் நாகேந்திர ராவ் வழக்கு இந்தக் கேடயத்தை வெகுவாகச் சுருக்கிவிட்டது. ஆனாலும் ஒரு தெளிவான சட்டம் வரவில்லை. இந்தியச் சட்ட ஆணையத்தின் முதல் அறிக்கையே, 1956-ல், இந்தப் பொருளைப் பற்றியதுதான். 1960-களில் மசோதாக்கள் வந்தன, காலாவதியாகிப் போயின.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். எங்கள் முசியே ஒருநாள் ‘திக்தே’ எழுத வைத்த கதை இன்றும் மறக்கவில்லை. 1871-ல் போர்தோ நகரில், அரசுப் புகையிலைத் தொழிற்சாலையின் தள்ளுவண்டி ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மேல் ஏறியது. கால் போயிற்று. அப்பா அரசின் மேல் வழக்குப் போட்டார். 1873 பிப்ரவரி 8-ல் வந்த ‘பிளாங்கோ’ தீர்ப்பு, அரசுக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் சாதாரணச் சட்டத்தின்படி அல்ல, தனி விதிகளின்படி என்றது. பிறகு அவளுக்கு ஆயுள் உதவித்தொகை கிடைத்தது. வாகன விபத்துகளுக்கு இந்தத் தனி வழியும் வேண்டாம் என்று 1957-ல் பிரான்சில் சட்டம் போட்டார்கள். அரசு வண்டி மோதினாலும் எல்லோரும் போகும் நீதிமன்றத்துக்கே போகலாம். பிரெஞ்சுக்காரன் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அவன் எங்கள் ஊரை ஆண்ட லட்சணம் எனக்குத் தெரியும். அவர்கள் எழுதி வைத்தார்கள், நாம் இன்னும் எழுதவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே என் பாவக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் குமாஸ்தாவாக இருந்தபோது துறை ஜீப் ஒன்று ஒரு கிழவியை இடித்த கோப்பு என் மேஜைக்கு வந்தது. எதிர்வாதம் தயாரிக்கச் சொன்னார்கள். பழைய கோப்பைப் பார்த்து, ‘மனுதாரர் கூறுவது அனைத்தும் மறுக்கப்படுகிறது’ என்று காப்பி அடித்து எழுதினேன். அந்தக் கிழவி எப்படி விழுந்தாள் என்று டிரைவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப் இடித்ததை விட அந்த ஒரு வரிதான் அவளை அதிக நாள் அலைக்கழித்திருக்கும். டெய்லரின் மனைவி தாளோடு வந்து நின்றபோது அந்தக் கோப்புதான் என் கண் முன் வந்தது.

ஆகவே, தெரிந்துகொள்ளுங்கள்.

வெற்றுத் தாளிலோ, சமரசத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியில் ‘போலீஸ் ஜீப் மோதியது’ என்று எழுதச் சொல்லுங்கள். வண்டி நம்பரைப் படம் எடுங்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பினால் போதாது, எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173 அதற்குத்தான் இருக்கிறது.

நாளைக் கணக்கு வையுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று விதி. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பித் தாமதிக்காதீர்கள். ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று இழுப்பவருக்கு இந்தக் கெடு நன்றாகத் தெரியும்.

பீஸ் ரேட் ஆளுக்குச் சம்பள ரசீது ஏது என்று கைவிடாதீர்கள். கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, வருமானச் சான்று இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் என்று கணக்கிட்டது உச்ச நீதிமன்றம், 2014-ல். காண்ட்ராக்டர் கணக்கு எழுதும் சின்ன நோட்டு இருந்தால் இன்னும் நல்லது.

அரசிடம் நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, போலீஸ் ஜீப்புக்கும் இன்சூரன்ஸ் போடுங்கள், அல்லது பஸ்ஸுக்கு வைப்பது போல் ஒரு நிதி வையுங்கள். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தராமல், கோர்ட் அமீனா வந்து அரசு பஸ்ஸை ஜப்தி செய்யும் காட்சியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை பார்த்தாயிற்று! இரண்டு, போலீஸ் வண்டி மோதினால் அந்த ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது. இடித்தவரே மகஜர் எழுதினால் அதில் என்ன இருக்கும்?

போலீஸ்காரர்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. தூக்கமில்லாமல் ஓட்டுகிறவர்கள் அவர்கள். இன்சூரன்ஸ் இருந்தால் அந்த டிரைவரும் கைக்காசு போட்டு, வெள்ளைத் தாளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

டெய்லர் ஐந்தாவது மாதத்தில் மனுப் போட்டார். வழக்கு நடக்கிறது. அரசுத் தரப்பின் எதிர்வாதம் வந்துவிட்டது. முதல் வரி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.