கிராபிக்ஸ் கார்டின் சாவி யாரிடம்?

ஜூன் மாதம் வந்தால் போதும், இங்கே புனேயில் நம்ம ஜனங்க வீடுகளில் ஒரே பேச்சுதான்: காலேஜ் போகிற பிள்ளைக்கு எந்த லேப்டாப்? "கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி?" என்று கேட்காத அப்பா இல்லை. அந்தக் கார்டை எந்தெந்த புரோகிராம் தொடலாம், யார் அனுமதி கொடுக்கிறார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. நான் பி.காம். ஆசாமி, பேங்க்கில் சாவிக்கொத்தோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவன். எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. (சாஃப்ட்வேர்க்காரர்கள் அடிக்க வராதீங்க!)

ஸ்கிரீனில் ஒரு பக்கம் கேம், ஒரு பக்கம் நெட் பேங்கிங் திறந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் வரைவது ஒரே கார்டு. உங்கள் பேலன்ஸும் அதன் மெமரியில் ஒரு படம்தான். அந்தப் படத்தை கேம் எட்டிப் பார்க்காமல் தடுப்பது யார்?

லினக்ஸை எடுத்துக்கொள்கிறேன், அங்கே எல்லாம் திறந்த கோட். தொண்ணூறுகளில் எக்ஸ் சர்வர் என்ற ஒரு புரோகிராம் சர்வ அதிகாரத்தோடு நேரே கார்டைத் தொடும். ஓ.எஸ்.ஸின் கர்னலுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. மற்றவர்கள் எக்ஸ் சர்வரிடம் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 3டி கேமுக்கு இந்த வேகம் எப்படிப் போதும்? 2000-ல் எக்ஸ்ஃப்ரீ86 4.0-வோடு டி.ஆர்.ஐ. வந்தது. புரோகிராம்கள் நேராகவே கார்டோடு பேசலாம், கர்னலில் டி.ஆர்.எம். என்று ஒரு காவல்காரர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பூட்டு, அதுவும் எல்லோரும் ஒழுங்காக நடந்தால்தான் பூட்டு. கேஷ் ரூமுக்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்தால் ஆடிட்டர் மயங்கி விழுவார்.

கார்டின் மெமரிக் கணக்கு கர்னல் கைக்கு வந்தது 2008 டிசம்பரில், லினக்ஸ் 2.6.28-ல் ஜெம் சேர்ந்தபோது. அதிலும் ஒரு ஓட்டை. ஒரு படத்தை இன்னொரு புரோகிராமுக்குக் கொடுக்க அதற்கு ஒரு நம்பர் போட்டார்கள். பழைய பேங்க்கின் பித்தளை டோக்கன் ஞாபகம் இருக்கிறதா? டோக்கனையே காட்ட வேண்டாம், நம்பரைச் சொன்னாலே பணம் என்றால் எப்படி இருக்கும்? அதே கதைதான். உள்ளே அனுமதி பெற்ற எந்த புரோகிராமும் நம்பரை யூகித்து அடுத்தவர் படத்தை எடுக்கலாம். 2013-ல் டி.ஆர்.ஐ.3 வந்தபிறகுதான் நம்பரை விட்டுவிட்டு, கர்னல் சாட்சியாக கைக்குக் கை கொடுக்கும் முறை. வரைய மட்டும் அனுமதி, ஸ்கிரீனை ஆள அனுமதி இல்லை என்ற பிரிவும் அதே சமயத்தில் வந்ததுதான். இதற்கு ஏன் பதிமூன்று வருஷம்? வேகம் என்று ஒருவர் சொன்னால் பாதுகாப்பு எப்போதும் வரிசையில் பின்னால் போய் நிற்கிறது, அதனால்தான்.

விண்டோஸும் 2007-ல் விஸ்டாவில்தான் கார்டை ஒழுங்காகப் பங்கு போட ஆரம்பித்தது. கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் ரீசெட், மெஷின் முழுக்கத் தொங்க வேண்டாம். ஸ்கிரீன் ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறதே, அது பெரும்பாலும் இதுதான்.

பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2024 ஜனவரியில் வெளியான லெஃப்ட்ஓவர்லோக்கல்ஸ் ஓட்டையில், ஆப்பிள், ஏ.எம்.டி., குவால்காம் சிப்கள் சிலவற்றில் ஒரு புரோகிராம் விட்டுப்போன மிச்சத்தை அடுத்தது படிக்க முடிந்தது. கவுண்ட்டரில் முந்தைய கஸ்டமரின் பாஸ்புக் திறந்தே கிடக்கிற மாதிரி. அடைக்க வேண்டியது டிரைவர் அப்டேட்தான். அதைக் கம்பெனி தராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அதனால்தான் டிரைவர் கோட் திறந்திருக்க வேண்டும் என்கிறேன். என்விடியா கர்னல் பகுதியை 2022 மே மாதம் திறந்தது, அதுவும் டூரிங் மற்றும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்குத்தான். இன்டெல், ஏ.எம்.டி.யின் லினக்ஸ் டிரைவர்கள் கர்னலோடேயே வருகின்றன, கம்பெனி கை விட்டாலும் வேறு யாராவது சரிசெய்யலாம். என் ஓட்டு அவற்றுக்கே, கேமில் நாலு ஃபிரேம் குறைந்தாலும் பரவாயில்லை.

கடைக்குப் போனால் ஜிபியோடு சேர்த்து, டிரைவர் அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்றும் கேளுங்கள். கடைப்பையன் கீபோர்டில் எரிகிற கலர் லைட்டைக் காட்டுவான். மறுபடி கேளுங்கள்.