பெயர் போடாத ஒப்பந்தம்

டேவிட் ஃபின்ச்சரின் ‘மேங்க்’ 2020இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது பாதியிலேயே நிறுத்திவிட்டவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. கறுப்பு வெள்ளை, ஓயாத பேச்சு, யார் யாரென்று பிடிபடுவதற்குள் காட்சி மாறிவிடுகிறது. போதாததற்கு, ரீலை மாற்றச் சொல்லி ஆபரேட்டருக்குக் காட்டும் வட்டப் புள்ளியைப் படத்தின் மூலையில் வேண்டுமென்றே வைத்திருக்கிறார் ஃபின்ச்சர். எடுத்ததோ டிஜிட்டல் கேமராவில். மாற்ற ரீலும் இல்லை, ஆபரேட்டரும் இல்லை. இந்தப் பாவனை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் எழுதிப் பிழைக்கிற யாருக்கும் இந்தப் படத்தைச் சிபாரிசு செய்வேன்.

1940. கார் விபத்தில் கால் உடைந்த திரைக்கதை எழுத்தாளர் ஹெர்மன் மேன்கிவிட்ஸை, கலிஃபோர்னியாவில் விக்டர்வில் என்ற ஊரின் பண்ணை வீடொன்றில் கொண்டுவந்து போடுகிறார்கள். குடிக்கக் கூடாது. படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல, ரீட்டா அலெக்ஸாண்டர் எழுதிக்கொள்கிறார். ஆர்சன் வெல்ஸ் என்ற 24 வயது இளைஞனின் முதல் படத்துக்கான கதை அது. பிறகு ‘சிட்டிசன் கேன்’ ஆனது. எழுதியவர் பெயர் திரையில் வராது என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருந்தார் மேன்கிவிட்ஸ். நாற்பதைத் தாண்டிய அந்த ஆளாக அறுபதைத் தாண்டிய கேரி ஓல்ட்மன் நடித்திருக்கிறார். குடியில் போன முகம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது பாரமவுண்ட் ஸ்டுடியோவில் நடக்கும் ஒரு காட்சி. சூதாடிக்கொண்டிருந்த எழுத்தாளர்களைத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கூப்பிட்டுக் கதை கேட்கிறார். கையில் ஒரு வரி கிடையாது. ஒருவர் எதையோ ஆரம்பிக்க, அடுத்தவர் பிடித்துக்கொள்ள, அவர் திணறும் இடத்தில் மூன்றாமவர் ஒரு பூதத்தை உள்ளே விட, அங்கேயே ஒரு கதை ஜோடித்துவிடுகிறார்கள். நல்ல கதை இல்லை. சம்பளத்தைக் காப்பாற்றும் அளவுக்குக் கதை. அந்த வட்டத்தில் இருக்கும் பென் ஹெக்ட்டை ஹாலிவுட்டுக்கு இழுத்து வந்தவரே மேன்கிவிட்ஸ்தான். இங்கே பணம் கொட்டிக் கிடக்கிறது, போட்டிக்கு இருப்பவர்கள் முட்டாள்கள், வெளியே சொல்லிவிடாதே என்ற பொருளில் அவர் அனுப்பிய தந்தி பிரசித்தம்.

எம்.ஜி.எம். தலைவர் லூயி பி. மேயர், நெருக்கடி என்று கண்கலங்கித் தொழிலாளர்களிடம் பாதிச் சம்பளத்தை விட்டுத்தரச் சொல்லும் காட்சியும் அருமை. மனுஷன் நடிகர்களுக்கே பாடம் எடுப்பார். சம்பள வெட்டு நடந்தது 1933இல். திரைக்கதை எழுத்தாளர் சங்கம் எழுந்ததும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு, கவர்னர் தேர்தலில் நின்ற எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேரைத் தோற்கடிக்க, எம்.ஜி.எம்.மிலேயே போலிச் செய்திப்படங்கள் தயாரானதும் உண்மை. அவற்றை எடுத்துவிட்டு மனம் நொந்து தற்கொலை செய்துகொள்ளும் மேன்கிவிட்ஸின் நண்பர் மட்டும் படத்துக்காக உருவாக்கிய ஆள்.

இத்தனையும் எதற்கு? ‘சிட்டிசன் கேன்’ மேன்கிவிட்ஸ் எழுதியது, வெல்ஸுக்கு அதில் பங்கில்லை என்று நிறுவத்தான். இந்த வழக்கை 1971இல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் தொடங்கிவைத்தவர் விமர்சகர் பாலின் கேல். மறு ஆண்டே பீட்டர் போக்தனோவிச் மறுத்து எழுதினார். பிறகு ராபர்ட் காரிங்கர் என்ற ஆய்வாளர் ஸ்டுடியோ காப்பகத்தில் இருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ‘அமெரிக்கன்’ என்ற தலைப்பில் 250 பக்கத்துக்கு மேல் நீண்ட முதல் பிரதி மேன்கிவிட்ஸுடையது. அதை வெட்டி, உருமாற்றி, திரையில் நாம் காணும் படத்துக்குக் கொண்டுவந்ததில் வெல்ஸின் பங்கு பெரியது என்று காட்டினார். எனக்கு இதில் சந்தேகமில்லை. ‘மேங்க்’ படமோ இதைக் கேள்விப்படாததுபோல் நடந்துகொள்கிறது. அதில் வெல்ஸ் பெரும்பாலும் தொலைபேசியில் ஒரு குரல்தான்.

இந்த வழக்கில் கைவைத்த யாரும் சுத்தமாக வெளியே வரவில்லை. கேல் தன் கட்டுரைக்குப் பயன்படுத்தியதில் பெரும்பகுதி ஹோவர்ட் சூபர் என்ற பேராசிரியரின் ஆய்வு. அவர் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை. எழுத்தாளனின் பெயரை மறைத்துவிட்டார்கள் என்று முறையிட்ட கட்டுரை அது!

பெயர் விடுபடுவது மேன்கிவிட்ஸுக்குப் பழகிய விஷயம். ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்துக்கு முதலில் எழுத உட்கார்ந்தவர்களில் ஒருவர் அவர். கான்சஸ் காட்சிகள் வண்ணமில்லாமல் இருக்கட்டும் என்ற யோசனையும் அவருடையதே. திரையில் அவர் பெயர் வரவில்லை. ஆனால் ‘கேன்’ விஷயத்தில் மல்லுக்கு நின்றார். கடைசியில் திரைக்கதை என்று இரண்டு பெயர்கள் வந்தன, அவருடையது மேலே. 1942இல் அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கரும் திரைக்கதைக்குத்தான். வாங்கிக்கொள்ள இருவருமே போகவில்லை. வெல்ஸ் பிரேசிலில் இருந்தார், இவர் வீட்டில்.

‘மேங்க்’ திரைக்கதையை எழுதியவர் இயக்குநரின் அப்பா, பத்திரிகையாளர் ஜாக் ஃபின்ச்சர். 90களில் எழுதியது. கறுப்பு வெள்ளை என்றதும் ஸ்டுடியோக்கள் கைவிரித்துவிட்டன. 2003இல் அவர் இறந்தும்போனார். படமெடுக்கும்போது மகனும் தயாரிப்பாளர் எரிக் ராத்தும் பிரதியைத் திருத்தினார்கள். ஆனால் திரையில் அப்பாவின் பெயர் மட்டும்தான். மகனின் பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். இப்படியும் பெயர் போடுவார்கள் என்று மேன்கிவிட்ஸிடம் சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

2021 ஆஸ்கரில் படத்துக்குப் பத்துப் பரிந்துரைகள், அந்த ஆண்டில் வேறெந்தப் படத்துக்கும் அத்தனை இல்லை. ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் விருது கிடைத்தது. உடைக்கு, ஒப்பனைக்கு, ஒலிக்கு, இசைக்கு எல்லாம் பரிந்துரை உண்டு. திரைக்கதைக்கு இல்லை.