தைராய்டுக்குக் கடல்பாசியா? முதல்ல உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

வடபழனி நூறடிச் சாலையிலோ ஆற்காடு சாலையிலோ ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழையுங்கள். இந்துப்பு ஒரு ரேக்கில், பொரித்த கடல்பாசி ஸ்நாக்ஸ் இன்னொரு ரேக்கில் இருக்கும். கொஞ்சம் தள்ளி மருந்துக் கடைக்குப் போனால் ஸ்பைருலினா மாத்திரை, கெல்ப் கேப்சூல். கடைக்குப் போக நேரமில்லை என்றால் டெலிவரி ஆப்பில் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

"தைராய்டுக்கு நல்லதாம்", "முடி கொட்டாதாம்", "வெஜிடேரியனுக்கு இதுதான் பி12" என்று ரீல்ஸ் சொல்கிறது. நாமும் கார்ட்டில் போட்டுவிடுகிறோம்.

இதில் என் கருத்து ரொம்ப எளிமையானது. கடல்பாசி நல்ல உணவு. ஆனால் அது மருந்து இல்லை. அயோடின் உப்பை நிறுத்திவிட்டு, அயோடினுக்காகக் கடல்பாசி கேப்சூல் வாங்குகிறவர் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்.

முதலில், எது கடல்பாசி?

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. பிரியாணியில் போடும் கல்பாசி கடலில் வளர்வதில்லை. அது மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் லைக்கன் வகை. ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியும் கடல்பாசி இல்லை. அது தொட்டிகளில் வளர்க்கப்படும் ஒரு நுண்ணுயிர்.

மளிகைக் கடையில் 'கடல்பாசி' என்று கேட்டால் கொடுப்பார்களே, வெள்ளை நிறத்தில் நூல் நூலாக, அது அகர் அகர். சைனா கிராஸ் என்றும் சொல்வோம். சில செங்கடல்பாசிகளைக் காய்ச்சி எடுப்பது. நோன்பு காலத்தில் இஸ்லாமிய நண்பர் வீட்டிலிருந்து வரும் பால் கடல்பாசி இதில் செய்ததுதான்.

இன்னொரு விஷயம். நீங்கள் ஏற்கெனவே கடல்பாசி சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஐஸ்கிரீம், சாக்லேட் பால் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஐ.என்.எஸ். 407 என்று இருந்தால் அது கராஜீனன். 406 என்றால் அகர். 401 என்றால் சோடியம் ஆல்ஜினேட். மூன்றுமே கடல்பாசியிலிருந்து எடுப்பவை.

அயோடின்: குறைஞ்சாலும் தப்பு, கூடினாலும் தப்பு

தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

கடல்பாசியில் அயோடின் நிறைய இருப்பது உண்மைதான். சிக்கலும் அங்கேதான். எல்லாப் பாசியிலும் ஒரே அளவு இருக்காது. சுஷியைச் சுற்றும் நோரியில் ஒரு கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். ஆனால் கெல்ப் வகையைச் சேர்ந்த கோம்புவில் ஒரே ஒரு கிராமில் 1,500 மைக்ரோகிராமைத் தாண்டலாம். அதாவது பத்து நாள் தேவை ஒரு சிட்டிகையில்! அமெரிக்காவில் பெரியவர்களுக்கான உச்சவரம்பே ஒரு நாளைக்கு 1,100 மைக்ரோகிராம்தான்.

அயோடின் அளவுக்கு மீறினால் தைராய்டு சிலருக்கு மந்தமாகிவிடும், சிலருக்கு அதிவேகமாகிவிடும். ஏற்கெனவே தைராய்டு பிரச்சினை இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். வேடிக்கை என்னவென்றால், கெல்ப் பவுடரைத் தேடி வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

"ஜப்பான்காரங்க தினமும் சாப்பிடுறாங்களே?" என்று கேட்கலாம். சாப்பிடுகிறார்கள்தான். ஆனால் கோம்புவைப் பெரும்பாலும் கொதிக்கவைத்துச் சாறு எடுக்கத்தான் பயன்படுத்துகிறார்கள், கேப்சூலாக விழுங்குவதில்லை. அங்கேயும் ஹொக்கைடோ கடற்கரைப் பகுதியில், கோம்பு மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கழுத்துக் கழலை வந்ததை 1960-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உப்பு கணக்கு

இப்போது நம் சமையலறைக்கு வருவோம். மனிதர்கள் நேரடியாகச் சாப்பிடும் உப்பில் அயோடின் கட்டாயம் என்பது 2006 முதல் நாடு முழுக்க விதி. வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு கிராம் உப்பில் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு என்று வைத்தால் 75 மைக்ரோகிராம். மீதியைப் பால், தயிர், முட்டை, மீன் ஆகியவை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வு என்ன சொல்லியது தெரியுமா? போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். நாட்டிலேயே கடைசி இடம்! தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் வைத்துக்கொண்டு, நாட்டுக்கே உப்பு அனுப்புகிற மாநிலத்தின் நிலைமை இது.

"நாமதான் கடலோரத்துல இருக்கோமே, அயோடின் குறையுமா?" என்ற நம்பிக்கை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் அயோடின் தானாகத் தங்குவதில்லை. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. கல் உப்புக்கும் இது பொருந்தும், இந்துப்புக்கும் பொருந்தும். பாக்கெட்டில் 'அயோடின் சேர்க்கப்பட்டது' என்று இல்லாவிட்டால், அதன் நிறமோ விலையோ அந்தக் குறையை ஈடுகட்டாது.

புரதம், பி12... இதுல எவ்வளவு உண்மை?

உலர்ந்த நோரியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடப் புரதம் இருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தாளின் எடையே ஏறக்குறைய 3 கிராம்தான்; அதில் கிடைப்பது ஒரு கிராம் புரதம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டலில் அதைப் போல எட்டு மடங்குக்குக் குறையாமல் கிடைக்கும். விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்பைருலினாவில் உள்ள பி12-ல் பெரும்பகுதி போலி பி12. நம் உடலால் அதைப் பயன்படுத்த முடியாது. நோரியில் உண்மையான பி12 இருக்கிறது. ஆனாலும் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்த ஒருவர் நோரியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் சொல்லும் மாத்திரையைப் போடுவதுதான் சரி.

கால்சியம் வேண்டுமா? 100 கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வடபழனியிலிருந்து கோயம்பேடு மார்க்கெட் எவ்வளவு தூரம்? நல்ல தாவர உணவுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கீரையை ஆய்வதற்குத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

நம்ம ஊர்ப் பாசியை மறந்துட்டோமே!

அப்படியானால் கடல்பாசியே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஏன் கொரியா பாக்கெட்டோடு நிற்க வேண்டும்? மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். கஞ்சி காய்ச்சிக் குடித்ததால்தான் அது கஞ்சிப் பாசி.

ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிறார்கள். 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-ல் தேசியப் பூங்காவானது. வாழ்வாதாரத்துக்கும் வனத்துறைக் கட்டுப்பாடுகளுக்கும் நடுவே இவர்கள் தாங்களாகவே மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று முடிவு செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்தது.

வளமாவூரில் ரூ.127.71 கோடியில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் இன்றைக்கு நம் பாசியில் பெரும்பகுதி உரத்துக்கும் தொழிற்சாலை மூலப்பொருளுக்கும்தான் போகிறது. அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள் முதலில் நடக்க வேண்டும். ஆர்சனிக், ஈயம் போன்றவற்றுக்கான சோதனை. பாக்கெட்டில் அயோடின் அளவு. பறிக்கும் பெண்களுக்கு நியாயமான விலை. இறக்குமதிப் பாக்கெட்டுக்கும் முதல் இரண்டு நிபந்தனைகள் பொருந்தும். ஹிஜிகி என்ற பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால் அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு 2004-லேயே அறிவுறுத்தியது.

சரி, என்ன பண்ணலாம்?

* உப்பு பாக்கெட்டில் அயோடின் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவை இறுக மூடுங்கள். சமையல் முடியும் நேரத்தில் உப்பு போட்டால் அயோடின் இழப்பு குறையும். அயோடின் உப்பு என்பதற்காக அளவைக் கூட்ட வேண்டாம்.

* நோரியோ அகர் அகரோ பிடித்திருந்தால், வாரத்தில் ஓரிரு நாள் ருசிக்காகச் சாப்பிடுங்கள். அகர் அகரில் நார்ச்சத்து உண்டு. சர்க்கரையைக் கொட்டாமல் செய்தால் நல்ல இனிப்பு.

* அயோடின் அளவு போடாத கெல்ப் பவுடர், கேப்சூல் பக்கம் போகாதீர்கள்.

* தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரிடம் கேட்காமல் கடல்பாசியை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கேப்சூல் பாட்டில் சில நூறு ரூபாய். தைராய்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் கிட்டத்தட்ட அதே விலைதான். கையில் காசு இருந்தால், எதை முதலில் வாங்க வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.