திமிங்கிலங்களுக்கு நியாயம்

வாயில்லாப் பிராணிகளுக்காகச் சபையில் எழுந்து பேச ஒருவரேனும் இல்லையெனில், அவற்றுக்கு நியாயம் கிடைப்பதில்லை. திமிங்கிலத்தின் சரித்திரமே இதற்குச் சான்று.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிஸ்கே விரிகுடாவில் பாஸ்க் மக்கள் படகேறிச் சென்று கையீட்டியால் திமிங்கிலத்தை வேட்டையாடினர். வேட்டையாடுவோரின் உயிருக்கும் அன்று அபாயமிருந்தது. பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திமிங்கில எண்ணெய் வீட்டு விளக்குகளை எரித்தது. மண்ணெண்ணெய் வந்ததும் கொலை ஓய்ந்திருக்க வேண்டுமன்றோ? ஓயவில்லை. நார்வே தேசத்து ஸ்வெண்ட் ஃபாயின் 1870-ல் வெடியீட்டிப் பீரங்கிக்குக் காப்புரிமை பெற்றார். நீராவிக் கப்பலும் அதற்குத் துணையாயிற்று. எண்ணெய் சோப்பாகவும் மார்கரினாகவும் விலைபோயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் மாண்ட திமிங்கிலங்கள் சுமார் 29 லட்சம். இதற்குப் பேராசை என்பதன்றி வேறு பெயர் உண்டோ?

1946-ல் பல தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்து, வேட்டையை ஒழுங்குபடுத்தச் சர்வதேசக் கமிஷன் கண்டன. ஆனால் வேலியே பயிரை மேய்ந்தது. சோவியத் கப்பல்கள் பொய்க்கணக்கு எழுதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்களை மறைத்த செய்தி அந்த ஆட்சி வீழ்ந்த பின்னரே வெளியாயிற்று.

பரிகாரம் தேடித் தீர்மானம் கொணர்ந்தது வல்லரசு அன்று. 1976-ல் பிரிட்டிஷ் ஆட்சியினின்று விடுதலை பெற்ற சீஷெல்ஸ் என்னும் சிறு தீவு தேசமே, 1979-ல் இந்து மகா சமுத்திரத்தைத் திமிங்கிலப் புகலிடமாக்கும் யோசனையைக் கமிஷனில் வைத்து வென்றது. வியாபார வேட்டையை நிறுத்தும் 1982-ஆம் ஆண்டுத் தீர்மானமும் அத்தேசம் கொணர்ந்ததே. 25 தேசங்கள் ஆதரித்தன, 7 எதிர்த்தன. இந்தியா ஆதரித்தது. சுதந்திரம் என்பது தன் வீட்டை ஆள்வது மட்டுமன்று, உலக சபையில் நியாயத்தை எடுத்துரைப்பதுமாகும் என்பதைச் சீஷெல்ஸ் மெய்ப்பித்தது.

எனினும் 1982-ல் எதிர்த்த நார்வே இன்றும் வேட்டையாடுகிறது. வேட்டையை மீண்டும் அனுமதிக்க வேண்டுமென்ற தன் யோசனை 2018-ல் தோற்றதும், ஜப்பான் 2019-ல் கமிஷனை விட்டே விலகித் தன் கடலில் வேட்டையைத் துவக்கியது. பரம்பரை வழக்கம் என்று கூறும் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. கையீட்டியின் வழக்கத்தைக் காட்டிப் பீரங்கிக்கு நியாயம் தேடலாகாது. தோற்றவர் சபையை விட்டு வெளியேறலாமெனில், ஒப்பந்தங்களுக்குத்தான் மதிப்பேது?

கடல் எந்த ஒரு தேசத்தின் சொத்துமன்று. சிறு தீவு எழுப்பிய குரல் தேய்ந்து போகாமல் காப்பது, அன்று அதற்குத் துணைநின்ற நம் தேசத்தின் கடமை. அக்கடமையில் நம் சர்க்கார் தளராதிருக்க ஜனங்கள் விழிப்புடன் இருப்பார்களாக!