கேள்வி பிறக்கும் இல்லம்

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறர் கூறுவதைச் செவியால் ஏற்பதும் கேட்டல். அறியாததை வினவுவதும் கேட்டல். ஒரு சிறு சொல் இவ்விரு செயல்களையும் சுமந்து நிற்பது எண்ணி மகிழத்தக்கது. கற்றோர் வாயிலாகச் செவிவழி பெறும் அறிவுக்குக் 'கேள்வி' என்று பெயரிட்டுத் தனி அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். அது திருக்குறளின் 42ஆம் அதிகாரம். அதனை அடுத்து வரும் 43ஆம் அதிகாரம் அறிவுடைமை. கேள்வியைக் கடந்தே அறிவுடைமைக்குச் செல்லவேண்டும் என்பதை இம்முறைவைப்பே உணர்த்துகிறது எனலாம்.

ஆயின், இன்று நம் இல்லங்களில் இச்சொல் படும் பாடு யாது? "சொன்னதைக் கேள்" என்று பிள்ளைகளிடம் நாள்தோறும் கூறுகிறோம். அதே வாயால் "கேள்வி கேட்காதே" என்றும் அடக்குகிறோம். சொல்லின் ஒரு பாதியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, மறுபாதியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். இதனால் நம் குடும்பங்கள் எதனை இழக்கின்றன என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸஹர் வேளையில் நடந்தது

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி கூறிய நிகழ்ச்சி இது. அவளுடைய தந்தை வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். வீட்டில் தாயும், தந்தையைப் பெற்ற பாட்டியும், பள்ளியில் படிக்கும் தம்பியும், அவளும் மட்டுமே. ரமலான் மாதத்தில் ஒருநாள் ஸஹர் உணவுக்காகத் தாய் எழுந்து அடுக்களைக் கதவைத் திறந்திருக்கிறார். எரிவாயு நெடி மூக்கைத் துளைத்தது. இருட்டு. அவருடைய கை பழக்கத்தால் விளக்கின் சுவிட்சை நோக்கிச் சென்றது. "உம்மா, சுவிட்சைத் தொடாதீங்க!" என்று பின்னால் வந்த மகள் கூவியிருக்கிறாள்.

அவள் கொல்லைப்புறக் கதவையும் சன்னல்களையும் திறந்தாள். ரெகுலேட்டரை மூடினாள். பாட்டியையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு அனைவரும் தெருவுக்கு வந்த பின்னரே, 1906 என்னும் அவசர உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அடுப்போடு இணையும் இடத்தில் இரப்பர்க் குழாய் வெடித்திருந்தது என்று பின்னர்த் தெரியவந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய குழாய் அது. அந்த வீட்டில் யாரும் அதனை மாற்றியதாக நினைவில்லை.

"உனக்கு இது எப்படித் தெரிந்தது?" என்று வினவினேன்.

"சிலிண்டர் கொண்டு வர்ற அண்ணன்கிட்ட ஒருநாள் கேட்டேன் ஐயா. கேஸுக்கு ஏன் இப்படி ஒரு நாத்தம்னு கேட்டேன். அவங்கதான் எல்லாம் சொன்னாங்க. ஆனா அன்னைக்கு வாப்பும்மாகிட்ட நல்லா ஏச்சு வாங்கினேன். பொம்பளப் புள்ளைக்கு வாசல்ல நின்னு என்ன பேச்சுன்னு ஏசினாங்க."

எந்தக் கேள்விக்காக அவள் ஏச்சு வாங்கினாளோ, அந்தக் கேள்வியே ஏசியவரின் உயிரையும் காத்தது. அன்று முதல் இச்செய்தி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அவள் கேட்டறிந்தது மிகப் பெரிய விஞ்ஞானம் அன்று. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் நிறமும் இல்லை, நெடியும் இல்லை. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றமுடைய பொருளைச் சிறிதளவு அதனுடன் சேர்க்கின்றனர். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. எனவே மேலெழுந்து போய்விடாமல் தரையை ஒட்டிப் பரவித் தேங்கி நிற்கும். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் அதனுள் சிறு பொறி எழும். அப்பொறியே தீக்குப் போதுமானது. இந்தச் சில வாக்கியங்களை அறிய எத்தனை நாழிகை வேண்டும்? ஆயினும் 14.2 கிலோ எரிவாயு அடைத்த உருளையை அடுக்களையில் வைத்திருக்கும் நம்முள் எத்தனை பேர் இவற்றைப் பிள்ளைகளுக்குக் கூறியிருக்கிறோம்? உருளையின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க எண்ணும் பொறித்திருப்பதைப் பார்த்தவர்கூடச் சிலரே. 'ஏ' என்பது சனவரி முதல் மார்ச் வரை. 'பி', 'சி', 'டி' என்பன அடுத்தடுத்த மும்மாதங்கள். எண் ஆண்டைக் குறிக்கும். அந்த உருளையை மீண்டும் சோதனைக்கு உட்படுத்தவேண்டிய காலம் அது. அக்காலம் கடந்த உருளையை ஏற்க மறுக்கும் உரிமை நமக்கு உண்டு.

ஏட்டறிவும் கிணற்றடியும்

பிறரைக் குறை கூறுமுன் என் அறியாமையையும் கூறிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் அடிக்கடி வெறுமனே ஓடும்; தண்ணீர் ஏறாது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கை அழைப்பேன். அவர் வந்து ஐந்து நிமிடத்தில் ஏதோ செய்வார், தண்ணீர் வரும், கூலியைக் கொடுத்து அனுப்புவேன். இயற்பியலில் பட்டம் பெற்ற என் மகனும் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள்தான், "என்ன செய்கிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. அடுப்புக்கரித் துண்டொன்றை எடுத்துத் தரையில் படம் வரைந்தார். குழாயின் அடிமுனையில் நீருக்குள் ஃபுட் வால்வு ஒன்று இருக்கிறது. அது நீரை உள்ளே விடும், வெளியே விடாது. அதில் மணலோ தூசியோ சிக்கினால் மோட்டார் நின்றதும் குழாயிலுள்ள நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். பம்பில் காற்று நிறையும். காற்று நிறைந்த பம்பு நீரை உறிஞ்ச இயலாது. மேலிருந்து நீரூற்றிக் காற்றை வெளியேற்றினால் மீண்டும் இழுக்கும். "யாரும் இதைக் கேக்குறதில்ல சார். காசு எவ்வளவுன்னு மட்டும்தான் கேப்பாங்க" என்றார் அவர்.

கிணற்றிலுள்ள நீரை உண்மையில் மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தமே என்பதும், ஆதலால் உறிஞ்சு பம்பு எத்துணை வலியதாயினும் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சி ஏற்ற இயலாது என்பதும் என் மகன் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற பாடம். அப்பாடம் நம் கிணற்றடியில்தான் நடந்துகொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. மெக்கானிக்கிடம் செயல் இருந்தது. மகனிடம் சூத்திரம் இருந்தது. இரண்டையும் சேர்க்கும் கேள்வி எங்கள் வீட்டில் இல்லாமற் போயிற்று.

கை அறிந்ததை வாய் சொல்லட்டும்

நம் அடுக்களையில் இருக்கும் அன்னையர் அறியாதவர் அல்லர். எத்தனை விசில் வந்தால் இறைச்சி வேகும் என்பதை அவர் அறிவார். நீர் திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. மூடிய குக்கரில் நீராவி வெளியேற வழியின்றி அழுத்தம் மிகுவதால் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கிறது. ஆதலால் உணவு விரைந்து வேகிறது. 1679ஆம் ஆண்டு தெனி பாப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இத்தகைய கலத்தை உருவாக்கினார். அழுத்தம் மீறினால் ஆவியை வெளிவிடும் பாதுகாப்பு வால்வையும் அதனுடன் சேர்த்தார். இன்று நம் குக்கரின் மூடியிலும் அத்தகைய வால்வு உண்டு. ஆவி செல்லும் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டால் இறுதிக் காவல் அதுவே. அது உருகிப் போனால், கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் பொருத்துவது காவலனைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

மின்னுருகியின் செய்தியும் இதுவே. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தான் உருகி வீட்டைக் காப்பது அதன் கடமை. "அடிக்கடி போகிறது" என்று தடித்த கம்பியை முறுக்கி வைப்பவர், உருகவேண்டியதை உருகவிடாமல் சுவருக்குள் ஓடும் கம்பிகளைத் தீய வைக்கிறார். முப்பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் ஏன் மற்ற இரண்டைவிட நீண்டு பருத்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அது நிலத்தோடு இணையும் எர்த் கம்பிக்குரியது. பிளக்கைச் செருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது இறுதியில் பிரியவேண்டும் என்பதற்காகவே அதற்கு அந்த நீளம். சுவரில் இரண்டு துளைதான் இருக்கிறது என்று அப்பின்னை ஒடித்தெறிந்துவிட்டுச் சலவை இயந்திரத்தை ஓட்டும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

மூத்தோரின் அச்சம்

"ஆபத்தான பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறீரா?" என்று பெரியவர்கள் வினவலாம். அவ்வாறு கூறவில்லை. 230 வோல்ட் மின்சாரம் விளையாட்டுப் பொருள் அன்று. அறிதல் வேறு, தொடுதல் வேறு. எதனைத் தொடலாகாது என்பதும் அறிவின் பகுதியே. அறியாத பிள்ளைதான் ஈரக்கையோடு பிளக்கைப் பிடுங்கும்.

"பெண்பிள்ளைகள் அயலாரிடம் நின்று பேசலாமா?" என்பது இரண்டாவது வினா. அப்பாட்டியின் கவலையை நான் எள்ளி நகையாடவில்லை. பேத்தியின் மீது கொண்ட அன்பே அவரை அவ்வாறு பேசவைத்தது. ஆனால் அக்கவலைக்கு மருந்து கேள்வியை அடக்குவது அன்று. வீட்டுக்குள்ளேயே அதற்கு விடை கிடைக்கச் செய்வதாகும். தந்தையும் தமையனும் அறிந்து கூறியிருந்தால், அவள் வாசலில் நின்று கேட்கவேண்டிய தேவை எழுந்திராது. தந்தையர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். இரவில் விளக்கு அணைந்தாலும் குழாய் உடைந்தாலும் வீட்டைக் காக்கவேண்டியவர் பெண்களே. பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குரிய அறிவை மட்டும் மறுப்பது எவ்வகையில் முறையாகும்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்கு விளங்காத ஒன்றைச் செவியுற்றால், அது விளங்கும்வரை மீண்டும் மீண்டும் வினவும் இயல்புடையவர்களாக இருந்தார்கள் என்று நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. கேட்டல் என்னும் சொல்லின் இரு பொருளும் அவர்களிடம் ஒன்றாக நின்றன. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு அன்சாரிப் பெண்களின் நாணம் தடையாகவில்லை என்று பாராட்டியவர்களும் அவர்களே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டு, கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அறிவித்தவர்களும் அவர்களே. இல்லத்துச் சிறு பணி எதுவும் இழிவன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பின்வந்தோரும் அவ்வழி நின்றனர். பத்தாம் நூற்றாண்டில் அலெப்போ நகரில், சைஃபுத் தௌலாவின் அரசவையைச் சார்ந்து வானளவைக் கருவி செய்தவர்களுள் அல்இஜ்லிய்யா என்ற பெண்மணியும் ஒருவர் என்பதை இப்னுந் நதீமின் நூற்பட்டியலால் அறிகிறோம். ஆர்த்துக்கிய மன்னரிடம் பணிபுரிந்த அல்ஜஸரீ, தாம் அமைத்த 50 பொறிகளின் செய்முறையை 1206ஆம் ஆண்டில் நூலாக எழுதி முடித்தார். உளூச் செய்ய ஏவலர் நீர் வார்ப்பதை விரும்பாத மன்னருக்காக அவர் அமைத்த நீர்வார்க்கும் பொறியும் அவற்றுள் ஒன்று. ஒரு வீட்டுத் தேவையிலிருந்து பிறந்த பொறி அது. பிறரும் செய்து பார்க்கும் வண்ணம் உறுப்புகளை விளக்கி அவர் எழுதி வைத்ததாலேயே இன்றும் அதனை அறிகிறோம்.

தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள்

இவையெல்லாம் அறிவியல் துறையின் பணி என்று தமிழ் மாணவர்கள் ஒதுங்கவேண்டியதில்லை. வீட்டுப் பொருள்களோடு வரும் கையேடுகளில் தமிழ்ப் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் படித்தவுடன் விளங்குவதில்லை. ஆங்கிலம் அறியாத தாய் அதனை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார். 2017இல் மறைந்த மணவை முஸ்தபா அவர்கள் யுனெஸ்கோ கூரியர் இதழைத் தமிழில் பல்லாண்டு நடத்தியும், அறிவியல் கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தும் தமிழால் எதனையும் கூறமுடியும் என்று நிறுவினார். நம் சமுதாயத்தில் தோன்றிய அப்பெருமகனார் விட்ட இடத்திலிருந்து தொடர்வது நம் கடமையாகும்.

ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தம் வீட்டுப் பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். அதனை நாள்தோறும் கையாளும் தாயிடம் கேட்கட்டும்; பழுது பார்ப்பவரிடம் கேட்கட்டும்; பேராசிரியரிடம் கேட்கட்டும். அது எவ்வாறு இயங்குகிறது, எப்போது ஆபத்து, அப்போது யாது செய்வது என்னும் மூன்று செய்திகளை, தம் பாட்டிக்கு விளங்கும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதட்டும். எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக்காட்டட்டும். அவருக்கு விளங்கவில்லையெனில் குறை எழுத்தில் இருக்கிறது, மீண்டும் எழுதட்டும். நாற்பது மாணவர் எழுதினால் நாற்பது பக்கம். அடுத்த ஆண்டு மலரின் பின்னிணைப்பாக அதனை வெளியிடலாம்.

அந்த மாணவிக்கு இப்போது மணமாகிவிட்டது. அண்மையில் கல்லூரிக்கு வந்தபோது அவளிடம் பாட்டியின் நலம் விசாரித்தேன். "நல்லா இருக்காங்க ஐயா. இப்பல்லாம் சிலிண்டர் வந்தா, பட்டையில என்ன எழுத்து போட்டிருக்குன்னு வாப்பும்மாவே கேக்குறாங்க" என்றாள்.

எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டியின் வீட்டில் கேள்வி பிறந்துவிட்டது. நம் ஒவ்வோர் இல்லத்திலும் அது பிறக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!