கல்லூரி நூலகத்தின் சாவி யாரிடம்?

மீலாது மேடையாயினும் கல்லூரி ஆண்டு விழாவாயினும், நம் சமுதாயப் பேச்சாளர் ஒலிபெருக்கி முன் நின்றுவிட்டால் கொர்தோவா வராமல் போவதில்லை. இரண்டாம் ஹகமின் நூலகத்தில் 4 இலட்சம் நூல்கள் இருந்தன என்பார். அப்போது ஐரோப்பா இருளில் கிடந்தது என்பார். நாமும் தக்பீர் முழங்கிக் கலைவோம். அந்த எண்ணிக்கையை ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். விழா நடந்த அதே வளாகத்தில் கல்லூரி நூலகம் அன்று திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா என்று நம்மில் எவரேனும் எட்டிப் பார்த்ததுண்டா?

கொர்தோவாவைவிட நமக்குப் பாடமாகத் தக்க ஊர் குராசானின் மர்வு நகரம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்து தங்கியவர் யாகூத் அல்ஹமவி. பைசாந்திய மண்ணில் பிறந்து, சிறு வயதிலேயே பக்தாதில் ஒரு வணிகருக்கு அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் விடுதலை பெற்றவர். குலப்பெருமையோ பதவியோ அவருக்கில்லை. மர்வின் ஜும்ஆப் பள்ளியிலும் மதரஸாக்களிலும் பிற இடங்களிலுமாக 10 நூலகங்கள் இருந்ததையும், அவற்றுள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்ததையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆயினும் அவரை நெகிழவைத்தது எண்ணிக்கையன்று. தம் இல்லத்தில் எப்போதும் 200 நூல்களேனும் இரவலாக இருந்தன என்றும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈடு கேட்கப்படவில்லை என்றும் நன்றியோடு கூறுகிறார். மங்கோலியர் படைக்கு அஞ்சி 1219 அளவில் அவர் அந்நகரை நீங்கினார். அவருடைய ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் மாபெரும் நிலவியல் அகராதிக்கு அந்த இரவல் நூல்களே உரமாயின.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். வாணியம்பாடியில் 1919இலும், திருச்சியிலும் சென்னையிலும் 1951இலும், அதிராம்பட்டினத்தில் 1955இலும் கல்லூரி கண்ட நம் முன்னோரின் ஈகையை நாம் குறைத்துப் பேசவில்லை. நாம் கேட்பது கட்டடத்துக்கு உள்ளே நடப்பதைப் பற்றி. நாம் நன்கறிந்த ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) நூல்களெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் உறங்குகின்றன. மாணவன் சீட்டில் பெயர் எழுதி நீட்ட வேண்டும். உள்ளே சென்றவர் கால் மணி நேரங் கழித்து “இல்லை” என்று திரும்புவார். ஆய்வுக்குழு வரும் வாரத்தில் மட்டும் தூசு தட்டப்படும். எத்தனை ஆயிரம் நூல்கள் என்ற கணக்கு பலகையில் ஏறும். எத்தனை நூல்கள் வெளியே சென்று படிக்கப்பட்டன என்ற கணக்குக்குப் பலகை இல்லை.

இதனால் விளையும் கேடு சிறிதா? மலபாரில் 1921இல் மாப்பிள்ளைமார் எழுந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அதை மதக்கலவரம் என்றெழுதியவர் உண்டு. குடியானவர் கிளர்ச்சி என்றவர் உண்டு. விடுதலைப் போர் என்றவரும் உண்டு. ‘நோட்ஸ்’ மட்டும் படித்த மாணவனுக்குத் தெரிந்தது பத்து மதிப்பெண்ணுக்கான ஒரே விடை. மூன்று நூல்களையும் மேசைமேல் விரித்துவைத்து, எவர் எந்தச் சான்றைக் காட்டுகிறார், எதை மறைக்கிறார் என்று ஒப்பிட்ட மாணவன்தான் உயர்கல்வியின் வாசலில் கால் வைத்தவன். ஒரு செய்திக்குப் பல அறிவிப்புகளைத் திரட்டி, அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் எடைபோட்டுத் தரம் பிரித்த ஹதீஸ் கலை இமாம்களின் வழிவந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் எவர் எழுதியது என்றே தெரியாத நகல்தாளை மனனம் செய்து பட்டதாரியாகிறார்கள்!

அலமாரியைத் திறந்துவிட்டால் திருடு போகுமே என்று நிர்வாகிகள் கூறுவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன், வாசகரை அலமாரிகளுக்கிடையே நடமாட விட்டார். 1931இல் வெளியான தம் ஐந்து விதிகளில், நூல் பயன்பாட்டுக்கே என்பதை முதலில் வைத்தார். ஆண்டுக்குச் சில நூல்கள் காணாமற் போகலாம்தான். எவரும் தொடாமல் கரையான் அரித்த நூல்களை மட்டும் எந்தக் கணக்கில் எழுதுகிறோம்?

எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது என்பது மற்றொரு சமாதானம். உண்மை, 2010இல் தொடங்கிய ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் சேர்ந்த கல்லூரியின் மாணவர் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். நான்கு மணிப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பியாக வேண்டிய நம் பெண்மக்களுக்கு அது பெரும் வாய்ப்பு. ஆனால் அதற்குரிய கடவுச்சொல்லைப் பெறாமலே, அப்படியொன்று இருப்பதை அறியாமலே பட்டம் பெற்றுச் சென்ற மாணவியரை நாம் சந்தித்திருக்கிறோம். கண்ணாடி அலமாரி போய்க் கண்ணுக்குத் தெரியாத அலமாரி வந்திருக்கிறது, அவ்வளவே.

பொருளில்லை என்று சொல்லிவிட முடியாது. அசையும் பொருளை வக்ஃபு செய்யலாமா என்ற விவாதம் ஹனஃபி அறிஞர்களிடையே எழுந்தபோது, மக்களிடம் வழக்கம் நிலைத்துவிட்டது என்ற இமாம் முஹம்மத் அஷ்ஷைபானியின் நெறியைக் கொண்டு நூல்களுக்கு அனுமதி கிடைத்தது. ஷாஃபி மத்ஹபிலோ அதற்குத் தடையே இல்லை. தந்தையின் பெயரால் அலங்கார வளைவு கட்டும் செல்வர், அதே பெயரால் மாலை எட்டு மணிவரை நூலகத்தைத் திறந்துவைக்கும் ஊழியர் ஒருவரின் ஊதியத்தை வக்ஃபு செய்யட்டும்.

பெற்றோரே, கல்லூரியில் சேர்க்கும் நாளில் கட்டணம், விடுதி, பேருந்து எல்லாம் விசாரிக்கிறீர்கள். வரும் ஆண்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கும் செல்லுங்கள். எத்தனை மணிக்கு மூடுவீர்கள், என் மகள் அலமாரி அருகே சென்று நூலைத் தன் கையால் எடுக்கலாமா, ஒரே நேரத்தில் எத்தனை நூல்கள் தருவீர்கள் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.